பயணியின் தெரிவும் சராசரி மனிதனும்: இரத்மலானைப் பாதையை முன்வைத்துச் சில குறிப்புகள்

போக்குவரத்து என்பது பொறியியலாளரும் பொருளியலாளரும் ஆராய்தற்குரிய விடயம் என்ற எண்ணமே நம்மிடையே பரவலாக உள்ளது. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் அத்துறையிற் கால்வைப்பது அத்துமீறலாகவும் தோன்றலாம். ஆயின் கடந்த அரை நூற்றாண்டாக அத்துறையின் மையத்தில் நின்றுவரும் பிரச்சினை, இலக்கிய விமரிசனத்தில் நாம் நெடுங்காலமாக வாதிட்டுவரும் பிரச்சினை ஒன்றுடன் நெருங்கிய உறவுடையது. பல்லாயிரம் மனிதர் ஒரே பாதையிற் செல்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தெரிவு செய்கின்றனர். அவ்வேறுபாடு தனிமனித சுபாவத்தின் விளைவா, சமூக நிலையின் விளைவா? சராசரியான ஒரு மனிதனைக் கற்பித்துக்கொண்டு அவன் மூலம் அனைவரையும் விளக்கிவிட முடியுமா? பாத்திரப் படைப்புப் பற்றிப் பேசும்போது நாம் எழுப்பும் வினாக்கள்தாம் இவை. அங்கே இவ்வினாக்களுக்கு விடை தவறினால் ஒரு நாவல் பழுதுபடும். இங்கே விடை தவறினால் ஒரு பஸ் சேவை நிறுத்தப்படும். ஒரு பாலம் வேண்டாத இடத்தில் எழும்.

பேச்சு அந்தரத்தில் நில்லாதிருக்க ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். இரத்மலானை கொழும்பின் தென் விளிம்பிலுள்ள தொழிற்பகுதி. புகையிரதத் திணைக்களத்தின் பிரதான வேலைத்தளம் இங்கேயே உள்ளது. 1935இல் திறக்கப்பட்ட விமான நிலையமும் உண்டு. கட்டுநாயக்கா அப்பொறுப்பை ஏற்கும்வரை நாட்டின் சர்வதேச விமான நிலையம் இதுவே. இங்கிருந்து வடக்கே காலி வீதியும் கரையோரப் புகையிரதப் பாதையும் ஏறக்குறைய இணையாகச் செல்கின்றன. கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எனத் தொடர்ந்து இரண்டும் கோட்டையை அடைகின்றன. கோட்டைக்கும் அப்பால், துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனைக்குப் புகையிரத நிலையம் கிடையாது. அங்கு செல்பவர் எங்கேனும் ஓரிடத்தில் இறங்கி ஏறவே வேண்டும்.

காலையில் இப்பாதையிற் செல்வோரைச் சற்றே நோக்குக. வேலைத்தளத்துக்கு எதிர்த்திசையில் வரும் தொழிலாளி, புறக்கோட்டைப் புடைவைக் கடைக்குச் செல்லும் விற்பனைப் பெண், பருவச்சீட்டை நீட்டி அரச பஸ்சில் ஏறும் மாணவன், வெள்ளவத்தையில் மாடிக்குடியிருப்பும் காரும் உடைய கணக்காளர், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரரைத் தரிசிக்க வெள்ளிக்கிழமை தோறும் புறப்படும் மூதாட்டி ஆகியோர் அனைவருக்கும் வீதி ஒன்றே; தண்டவாளமும் ஒன்றே. ஆனால் பத்து நிமிடத் தாமதம் இவர்களுள் ஒருவருக்கு ஒரு நாட் கூலி. இன்னொருவருக்கு ஒரு கோப்பைத் தேநீர்.

இத்தகைய தெரிவுகளைக் கணிதத்தாற் கையாளும் முயற்சிக்கு உளவியலிலேயே வித்து இடப்பட்டது. 1927இல் லூயி தேர்ஸ்ரன் என்ற அமெரிக்க உளவியலாளர், இரு பொருள்களை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறும் மனிதன் ஒரே தீர்ப்பை எப்போதும் கூறுவதில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டு ஒரு விதியை வகுத்தார். 1959இல் டங்கன் லூஸ் தெரிவின் நிகழ்தகவுகளுக்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். அதனைப் பொருளியலுக்குரிய கருவியாக்கியவர் டானியல் மக்பேடன். அவருடைய வாதத்தைச் சுருங்கச் சொல்லின்: ஒவ்வொரு பயண வழிக்கும் பயணியின் மனத்தில் ஒரு ‘பயன்பாடு’ உண்டு. அதில் ஒரு பகுதி கட்டணம், நேரம், காத்திருப்பு முதலிய அளக்கத்தக்க கூறுகளால் ஆனது. எஞ்சியது ஆய்வாளனின் கண்ணுக்குப் புலப்படாதது. அதனை எழுமாற்றுக் கூறாகக் கொள்க. மொத்தப் பயன்பாடு எதற்கு அதிகமோ அதனையே பயணி தெரிவார். புலப்படாத கூறு இன்ன பரம்பலை உடையது எனக் கொண்டால், ஒவ்வொரு வழியும் தெரியப்படும் நிகழ்தகவை எழுதிவிடலாம். இதுவே லொஜிற் மாதிரியுரு எனப்படுவது.

இக்கருவி பெரும் புகழீட்டியது சான் பிரான்சிஸ்கோவிலாகும். அவ்விரிகுடாப் பிரதேசத்தில் 1972இல் ‘பார்ட்’ எனும் விரைவுப் புகையிரத சேவை தொடங்கியது. அதனைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு 15 பேராவர் என்று அதிகாரபூர்வ மதிப்பீடு கூறியது. மக்பேடன் குழுவினர் பயணிகளிடம் முன்கூட்டியே திரட்டிய தகவல்களை வைத்து 6.3 என்றனர். நடைமுறையிற் கிடைத்தது 6.2. அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். எனினும் 2000ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசு பெறுவதற்கு இவ்வாய்வுநெறியே காரணமாயிற்று.

ஆயினும் இம்மாதிரியுருவில் ஓர் ஊனம் இருந்தது. அது தோன்றிய காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டும் விட்டது. பாடநூல்கள் அதனைச் சிவப்பு பஸ், நீல பஸ் என்ற கதையாற் சொல்வது வழக்கம். ஓரூரில் பாதிப்பேர் புகையிரதத்திலும் பாதிப்பேர் சிவப்பு பஸ்சிலும் செல்கின்றனர். நிறத்தைத் தவிர வேறெவ்வகையிலும் மாறுபடாத நீல பஸ் ஒன்று புதிதாக விடப்படுகிறது. நடக்கக்கூடியது யாது? பஸ்சிற் சென்ற பாதிப்பேர் இரு பஸ்களுக்குமாகப் பிரிவர். புகையிரதத்திற் செல்வோர் தம்பாட்டிற் செல்வர். லொஜிற் மாதிரியுருவோ மூன்றுக்கும் மூன்றிலொரு பங்கு என்று விடை தரும். புகையிரதப் பயணிகளுள் மூன்றிலொருவர் வண்ணம் கண்டு மயங்கி வந்துவிட்டனர் என்பது அதன் பொருள். இரு வழிகளுக்கிடையிலான விகிதம் மூன்றாவதொன்று வருவதால் மாறாது என்ற எடுகோளிலிருந்தே இவ்வபத்தம் பிறக்கின்றது.

கொழும்பு வாசகருக்கு இக்கதை வெறுங் கதையன்று. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வர அனுமதிக்கப்பட்டன. அன்றுமுதல் சபையின் சிவப்பு பஸ்சும் தனியாரின் பிறநிற பஸ்சும் காலி வீதியில் ஒரே தரிப்பிடத்தில் ஒன்றையொன்று முந்துகின்றன. ஆனால் இங்கே நிறம் வெறும் நிறமன்று. பருவச்சீட்டு சிவப்பு பஸ்சிலேயே செல்லும். பருவச்சீட்டுடைய மாணவனுக்கு அடுத்த பஸ் சிவப்பாவென்பது முக்கியம். சில்லறை கொடுத்துச் செல்லும் விற்பனைப் பெண்ணுக்கோ முதலில் வருவதெதுவோ அதுவே பஸ். பாடநூலில் அபத்தமாகத் தோன்றிய நிற வேறுபாடு ஒருவருக்கு அபத்தமாகவும் மற்றவருக்கு மெய்யாகவும் இருக்கின்றது. எனவே பழைய மாதிரியுருவின் கோளாறு சூத்திரத்தில் மட்டும் இல்லை. கட்டணத்துக்கும் நேரத்துக்கும் எல்லோரும் ஒரே எடையைத்தான் இடுகின்றனர் என்று அது கொண்டிருந்தது. அதன் குணகங்கள் எல்லார்க்கும் பொது. அதாவது, ஆயிரம் பயணிகள் அல்லர். ஒரே பயணியின் ஆயிரம் பிரதிகள்.

இப்பிரதியின் மூதாதை யாரென்பதை நாம் அறிவோம். பெல்ஜிய வானியலாளரான அடோல்ப் கெற்லே 1835இல் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். கோள்களை அளக்கையில் நேரும் வழுக்களைக் கையாண்ட அதே கணிதத்தை அவர் மனிதர் மீது ஏவினார். சராசரியே இயற்கையின் குறிக்கோள். தனிமனித வேறுபாடு அதிலிருந்து வழுவிய பிசகு. கெற்லேயின் புள்ளிவிபரங்களை மார்க்ஸ் இகழவில்லை. குற்றச்செயல்களின் ஒழுங்கான எண்ணிக்கை தனிமனித தீயகுணத்தையன்றிச் சமூக அமைப்பையே சுட்டுகின்றது என்பதற்கு 1853இல் அவற்றை அவர் எடுத்தாண்டார். ஆயினும் சராசரியின் ஒழுங்கிலிருந்து சமூகத்தை நோக்கிச் செல்வது வேறு, சராசரியையே சமூகமாகக் கொள்வது வேறு.

சராசரி மனிதனை வைத்துக் கணக்கிடுவதால் வரும் கேட்டைக் கற்பனைக் கணக்கொன்றாற் காட்டலாம். ஒரு பாதையிற் செல்வோருள் சரிபாதியினர் தம்முடைய ஒரு மணி நேரத்தை 100 ரூபாவாக மதிக்கின்றனர். மற்றப் பாதியினர் 1000 ரூபாவாக மதிக்கின்றனர். சராசரி 550. அரைமணி நேரத்தை மீதப்படுத்தும், ஆனால் 200 ரூபா கூடுதலான கட்டணமுடைய விரைவுச் சேவை ஒன்று முன்மொழியப்படுகிறது. சராசரி மனிதனுக்கு மீதமாகும் அரைமணியின் பெறுமதி 275. 200 கொடுத்து 275 பெறுவதால் அவன் மகிழ்வுடன் ஏறுவான். ஆகவே அனைவரும் ஏறுவர் என மதிப்பிட்டு மெதுவான சேவையை நிறுத்திவிடுகின்றனர். நிகழ்ந்தது யாது? முதற் பாதியினர் 50 ரூபாப் பெறுமதியைப் பெறுவதற்கு 200 கொடுக்க நேர்ந்து ஆளுக்கு 150 இழந்தனர். இரண்டாம் பாதியினர் ஆளுக்கு 300 ஈட்டினர். கூட்டிப் பார்த்தால் சராசரி இலாபம் 75. அறிக்கையில் ‘சமூக நன்மை’ என எழுதப்படுவது இதுவே. எண்கள் யான் புனைந்தவை. ஆனால் பாலங்களுக்கும் அதிவேகப் பாதைகளுக்கும் நியாயம் கூறும் நன்மைக் கணக்குகளின் எலும்புக்கூடு இதனின்றும் பெரிதும் வேறானதன்று: மீதமான நேரத்தை அந்நேரத்தின் பெறுமதியாற் பெருக்குவது. வருமானம் மிகுந்தவனின் மணித்தியாலம் விலைமிகுந்தது என்பதால் அவன் செல்லும் பாதைக்கே நன்மை பெருகும். பிரித்தானியாவில் வேலைக்குப் புறம்பான பயண நேரத்துக்கு வருமான வேறுபாடு பாராது ஒரே பெறுமதியை இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. அது அறிவியலின் முடிவன்று, அரசியலின் முடிவு. அவ்வாறு வெளிப்படையாக அரசியல் முடிவெடுத்தல், அறிவியலின் திரைக்குப்பின் எடுப்பதிலும் நேர்மையானது என்பேன்.

ஒரே குணகம் என்ற இந்த எடுகோளை உடைத்தமையே கலப்பு லொஜிற் எனப்படும் மாதிரியுருவின் சாதனை. 1980இல் மோட்டார்க் கார்த் தெரிவு பற்றி போய்ட்டும் மெல்மனும், கார்டலும் டன்பாரும் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகளில் இது முதன்முதலாகத் தலைகாட்டியது. அக்கட்டுரைகள் சந்தைப் பங்குகளையே கையாண்டன. தனிப்பட்ட பயணிகளின் தெரிவுகளுக்கு இது பரவலாக வந்தது கணினிகள் வலுப்பெற்ற 1990களிலேயே. மக்பேடனும் கென்னத் றெயினும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டது. (புகையிரதப் பயணத்தை ஆராய்ந்தவருக்கு றெயின் என்று பெயர் அமைந்தது தற்செயலே.)

இம்மாதிரியுருவில் கட்டணத்துக்குரிய குணகம் ஓர் எண் அன்று. அது ஒரு பரம்பல். சமூகத்தில் ஒருவர் கட்டணத்தைக் கடுமையாக எண்ணுவார், இன்னொருவர் சற்றே எண்ணுவார். இவ்வேறுபாடு எவ்விதம் பரந்துள்ளது என்பதை இடை, நியம விலகல் என்னும் பரமானங்களால் மாதிரியுரு வருணிக்கும். குறித்த ஒரு குணகத் தொகுதியை உடைய ஒருவர் பஸ்சைத் தெரியும் நிகழ்தகவைப் பழைய லொஜிற் சூத்திரம் தரும். அத்தகைய எல்லா மனிதர் மீதும், அவரவர் சமூகத்தில் எவ்வளவு உளரோ அவ்வளவு எடையிட்டு, அந்நிகழ்தகவைத் தொகையீடு செய்தல் வேண்டும். இத்தொகையீட்டுக்கு மூடிய சூத்திரம் கிடையாது. எனவே கணினி, பரம்பலிலிருந்து சில நூறு கற்பனைப் பயணிகளை எழுமாற்றாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் லொஜிற் விடையைக் கணித்துச் சராசரி காண்கிறது. பரமானங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, மெய்யான பயணிகளின் தெரிவுகளுடன் மிக நன்றாகப் பொருந்தும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

சிவப்பு பஸ்சின் அபத்தம் இங்கே தானே தீர்கிறது. பஸ் என்ற வகைக்கே ஒரு பரம்பல் இருப்பின், பஸ்சை விரும்புவோர் இரு பஸ்களையும் விரும்புவர். புதிய பஸ் பழைய பஸ்சின் பயணிகளையே பெரிதும் கவரும். ஒருவரையே பல நாள்கள் தொடர்ந்து அவதானித்தால் இன்னுந் தெளிவு உண்டாகும்: அவரிடம் நிலையாக உள்ள நாட்டம் எது, அன்றைய மழையால் வந்த தடுமாற்றம் எது எனப் பிரித்தறியலாம்.

பரம்பலின் வடிவம் யாதென்பதை ஆய்வாளனே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. இது சிறு விடயமன்று. செவ்வன் பரம்பலைக் கொண்டால் அதற்கு இரு புறமும் வால் உண்டு. ஆகவே கட்டணம் கூடக்கூட மகிழ்பவர் சிலரும் சமூகத்தில் உளர் என்று மாதிரியுரு கூறிவிடும். அதனைத் தவிர்க்க மடக்கைச் செவ்வன் பரம்பலைக் கொண்டால் ஒருபுற வால் மிக நீண்டு, மிகச் சிலரின் நேரப் பெறுமதி வானளாவி, சராசரியையே தன் பக்கம் இழுத்துவிடும். கணிதத்தின் வசதிக்காக எடுக்கப்பட்ட முடிவு, செல்வர்களின் மணித்தியாலத்துக்கு விலை குறிக்கின்றது.

பரம்பலைத் தொடர்ச்சியானதாகக் கொள்ளாமல், சமூகத்தை மூன்றோ நான்கோ குழுக்களாகக் கொள்ளும் மற்றொரு முறையும் உண்டு. எவர் எக்குழுவினர் என்பது முன்கூட்டித் தெரியாது. அவரவர் தெரிவுகளிலிருந்து அதனை நிகழ்தகவாக உய்த்துணர வேண்டும். ஆங்கிலத்தில் இக்குழுவைக் குறிக்கும் சொல்லும் வர்க்கத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றேயாகும். அதனால் அம்மொழியில் எழுதுவோர் சிலர் தம்மையறியாமலே வர்க்க ஆய்வு செய்துவிட்டதாக மயங்குவதுண்டு. தமிழில் வகுப்பு வேறு, வர்க்கம் வேறு. ‘மறைநிலை வகுப்பு’ என்று மொழிபெயர்த்தால் மயக்கம் இல்லை. இவ்வகுப்புகள் ஒத்த தெரிவுடையோரின் தொகுதிகளேயன்றி உற்பத்தி உறவுகளால் விளைந்தவை அல்ல.

இக்கருத்தின் தந்தையான போல் லாசர்ஸ்பெல்ட் ஒருகாலத்தில் வியன்னாவின் சோஷலிச இயக்கத்திற் பணியாற்றியவர் என்பது சுவையானது. மரீ யஹோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோருடன் சேர்ந்து, ஆலை மூடப்பட்ட மரியந்தால் என்னும் ஆஸ்திரியச் சிற்றூரை ஆராய்ந்து 1933இல் அவர் நூல் வெளியிட்டார். அவ்வாய்வாளர் மறைந்திருந்து, தெருவில் நடப்போரின் வேகத்தைக் கடிகாரத்தால் அளந்தனர். வேலையற்ற ஆண்கள் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். வீட்டு வேலைச் சுமை குறையாத பெண்கள் விரைந்து நடந்தனர். அவ்வாண்களின் நேரத்துக்குப் பெறுமதி இல்லாமற் போனதற்கு அவர்களுடைய சுவை காரணமன்று. மூடிய ஆலையே காரணம். நேரத்தின் பெறுமதி பற்றி யான் படித்தவற்றுள் இதனிலும் ஆழமான குறிப்பு வேறில்லை. அமெரிக்கா சென்றபின் அவரே 1950இல் மறைநிலைக் கட்டமைப்புப் பகுப்பாய்வை வகுத்தளித்தார். முதல் நூலின் மனிதர்கள் இரண்டாவது நூலின் அட்டவணைகளில் எங்கே போயினர் என்ற வினா எழாமல் இராது.

இங்கேதான் லூக்காச் நினைவுக்கு வருகின்றார். யதார்த்தவாதத்தின் உயிர்நாடி வகைமாதிரி என்றார் அவர். வகைமாதிரி சராசரியன்று என்பதையும் வற்புறுத்தினார். ஒரு காலகட்டத்தின் முரண்பாடுகள் ஒரு மனிதனில் உச்சநிலையிற் கூடும்போது அவன் வகைமாதிரியாகிறான். சராசரியிலோ அம்முரண்பாடுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நமது கற்பனைக் கணக்கில் 150 ரூபா இழந்தவனும் 300 ரூபா ஈட்டியவனும் 75 ரூபாவில் மறைந்தது போல. கலப்பு லொஜிற் சராசரியைக் கைவிட்டமை முன்னேற்றமே. ஆயினும் அது வகைமாதிரியை அடையவில்லை. வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஏன் வேறுபாடு என்று கேட்பதற்கு முன்னரே அதற்கு ‘எழுமாற்று’ என்று பெயரிட்டுவிடுகிறது.

நம்மவருட் சிலர் இதற்கு எதிர்முனைக்குச் சென்று, எல்லாம் வர்க்கமே, நாட்டம் என்பது முதலாளித்துவ மாயை என்பர். அது கொச்சை மார்க்சியம். ஒரே ஒழுங்கையில், ஒரே சம்பளத்தில் வாழும் இரு எழுதுவினைஞருள் ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டு செல்லலாமென்று நெரிசலைப் பொறுத்துப் புகையிரதத்திற் செல்வார். மற்றவர் காலி வீதிக் கடைகளைப் பார்க்கப் பஸ்சிற் செல்வார். இது மெய்யான தனித்தன்மை. மனிதருக்கு அது உண்டென்பதை மறுப்பவன் இலக்கியம் படிக்க வேண்டியதில்லை. வேண்டுவது, அத்தனித்தன்மை எவ்வளவு, அதன் பெயரில் ஒளிந்திருக்கும் சமூக வேறுபாடு எவ்வளவு எனப் பிரித்தறிவதே. இதற்கு மாதிரியுருவே வழி தருகின்றது. குணகத்தின் இடையை வருமானம், பால், தொழில், மொழி முதலியவற்றின் சார்பாக எழுதலாம். அவ்வாறு எழுதியபின் எஞ்சும் நியம விலகல் சுருங்குமாயின், சுருங்கிய அளவு ‘சுவை’ என நாம் எண்ணியது சமூகமாக இருந்தது. ஆனால் வினாக்கொத்தில் கேட்கப்படாத மாறியை எந்தச் சூத்திரமும் சேர்க்காது.

பெண்களை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையின் பஸ்களிலும் புகையிரதங்களிலும் பாலியல் தொந்தரவுக்கு ஒருமுறையேனும் ஆளான பெண்கள் 90 சதவீதத்தினர். நேரமும் கட்டணமும் மட்டும் கேட்கும் வினாக்கொத்தில் இப்பெண்கள், விளக்கமின்றி முச்சக்கரவண்டிக்குக் கூடுதற் பணம் கொடுக்கும் ‘நாட்டம்’ உடையோராகவே தென்படுவர்.

இரத்மலானையில் யான் குடியிருந்த வீட்டுக்கு ஒருமுறை படிவத்துடன் ஓர் இளைஞர் வந்தார். புகையிரத நிலையம் பக்கத்திலிருந்தும் ஏன் பஸ்சிற் செல்கிறீர்கள் அம்மா என்று என் தாயாரிடம் கேட்டார். கொட்டாஞ்சேனையிலுள்ள தன் சகோதரி வீட்டுக்குச் சென்று திரும்பும்போது இருட்டிவிடும், நிலையத்திலிருந்து வரும் ஒழுங்கையில் விளக்கில்லை, பஸ்சானால் கடைகள் திறந்திருக்கும் வீதியிலேயே இறங்கலாம் என்று அம்மா விரிவாகச் சொன்னார். மேலும் ஒன்று சொன்னார்: முன்னொரு காலத்தில் நிலைய வாயிலில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் ஒருபுறம் நிற்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கந்தான், தம்பி. இளைஞர் பொறுமையுடன் கேட்டார். பின்னர் ‘வசதியின்மை’ என்ற கட்டத்திற் சரி அடையாளம் இட்டார். அவர்மீது குறையில்லை. படிவத்தில் வேறு கட்டம் இருக்கவில்லை.

அம்மா சொன்னதை முதுமையின் பிரமை எனத் தள்ளுவதற்கில்லை. 1996 யூலை 24இல் தெஹிவளையில் மாலைநேரப் புகையிரதத்திற் குண்டுகள் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 யூனில் கட்டுபெத்தையில் பஸ் ஒன்று குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கொலையுண்டோர் வேலைக்குச் சென்று திரும்பிய சாதாரண மக்கள். அதன் பின்னரான சோதனைகளில் நிறுத்தப்பட்டோர் பெரும்பாலும் தமிழ்ச் சாதாரண மக்கள். ஒரே பஸ், ஒரே கட்டணம், ஒரே நேரம் என்றாலும், அடையாள அட்டையின் ஒரு வரியால் பயணத்தின் விலை இருவருக்கு இருவிதமாயிற்று. 1983 யூலைக்குப் பின்னர் தமிழர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செறிந்து குடியேறியமையும் இதனோடு சேர்ந்ததே. வெள்ளவத்தையில் நடந்தே கடைக்கும் கோயிலுக்கும் செல்பவரைக் கண்டு ‘நடைக்கு நாட்டமுடையவர்’ என்று மாதிரியுரு எழுதும். ஆனால் நடந்து செல்லத்தக்க தூரத்தில் வீடு தேடியதற்குக் காரணம் நடையன்று, அச்சமே. தூரத்தைக் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளும் மாதிரியுருவில் அவ்வச்சம் தூரத்துள் ஒளிந்துகொள்கிறது.

தெரிவு என்ற சொல்லுக்கே பொருள் கேட்க வேண்டிய நிலையை யாழ்ப்பாணப் பயணம் காட்டும். வடக்கே செல்லும் புகையிரதம் 1990 யூனில் நின்றது. ஏ-9 பாதை 2002 ஏப்பிரலில் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பாதை மூடியிருந்த காலங்களில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோருக்கு எஞ்சியவை இரண்டு: திருகோணமலை சென்று கப்பல் ஏறுவது, அல்லது இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானம். 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுள் எவரும் ‘வான்வழி நாட்டம்’ உடையோரல்லர். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சிப்புலத்திலோ அவர்களுடைய ‘பாஸ்’ வேண்டியிருந்தது. 2006 ஆகஸ்டுக்கு முன்னும் பின்னும் பயணிகளின் தெரிவுகளை ஒரே மாதிரியுருவில் இட்டால் பஸ்சுக்குரிய நாட்டம் ஒரே நாளில் பூச்சியமாயிற்று என்ற விடை வரும். நாட்டம் மாறவில்லை. தெரிவுத் தொகுதி மாறியது. சாள்ஸ் மான்ஸ்கி 1977இலேயே தெரிவை இரு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: முதலில் ஒருவருக்கு எவ்வழிகள் உள்ளன, பின்னரே அவற்றுள் எதனைத் தெரிகிறார். முதற்படியை விட்டுவிட்டு இரண்டாம் படியில் மட்டும் பரம்பலை ஏற்றினால், கட்டாயம் முழுவதும் நாட்டத்தின் கணக்கிற் பதியப்படும்.

இதன் கொடிய எல்லை 2007 யூன் 7. அன்று அதிகாலை வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிசாரால் வெளியேற்றப்பட்டு, பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அப்பஸ்களில் இருந்தோரும் எண்ணிக்கையில் பஸ் பயணிகளே.

இனவொடுக்குமுறைக்கு மட்டும் உரியதன்று இவ்வேறுபாடு. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் 2022 யூனில் 470 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். யூலையில் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார்சைக்கிளிற் சென்றவர்கள் கரையோரப் புகையிரதங்களின் வாயில்களில் தொங்கினர். விலைக்குரிய குணகத்தை வைத்து அந்நெரிசலை விளக்க முனைபவர் பெற்றோல் நிலையத்தின் முன்னிருந்த வரிசையைக் காணாதவராவார்.

இன்று வடபகுதிப் பயணத்துக்கு வழிகள் பல உள. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வெள்ளவத்தையிலிருந்து இரவுதோறும் சொகுசு பஸ்கள் புறப்படுகின்றன. இவற்றுள் எவர் எதனைத் தெரிகின்றனர் என்பதை இளம் ஆய்வாளர் ஒருவர் கலப்பு லொஜிற் கொண்டு ஆராய்வாராயின் அது பயன்மிக்க ஆய்வாகும். இரவு பஸ்சில் ஏறும் குடும்பத்தினரிடம் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்பதோடு, காலை எத்தனை மணிக்கு எவ்விடத்தில் இறங்க வேண்டியுள்ளது, விடுப்பு எத்தனை நாள், புகையிரத ஆசனத்தைப் பதிவுசெய்யச் சென்றபோது எம்மொழியில் விடை கிடைத்தது, கடைசியாக எப்போது இப்பாதை மூடப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொண்டுள்ளார்களா என்பனவற்றையும் அவர் கேட்கட்டும். படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாகவும் விடட்டும்.